தலை தெரியுது

லேபர் வார்டு வாசலில் அக்கா கழற்றிக் கொடுத்த கண்ணாடி வளையல்களை என் துப்பட்டா முனையில் முடிந்துகொண்டேன். பதினெட்டு வளையல். வளைகாப்பில் போட்டது இருபத்தொன்று. மூன்று, 108 வண்டியில் வரும்போதே அவள் கம்பியைப் பிடித்த பிடியில் உடைந்துவிட்டன. ஆடி மாதம், விடிய இரண்டு மணி நேரம் இருந்தது. திருச்சிக்கு மேற்கே, காவிரிக் கரையில் எங்கள் ஊர். ஆற்றில் தண்ணீர் கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது.

அம்மா நின்றிருக்க வேண்டிய இடம் அது. நான்கு நாள் முன்பு கிணற்றடியில் வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு வீட்டில் படுத்திருந்தார். அக்காவின் மாமியார் கோயம்புத்தூரில் பஸ் ஏறியிருந்தார், வந்து சேர மத்தியானம் ஆகும். மாமா வெளியூர் வேலையில். மிச்சம் இருந்தது நான்தான். இருபத்து மூன்று வயது, கல்யாணம் ஆகவில்லை.

"பிள்ளை பெத்தவங்க யாரும் வரலையா?" என்று நர்ஸ் கேட்டார். கூட நிற்பவர் பிரசவம் கண்ட பெண்ணாக இருந்தால் நல்லது என்பது வழிகாட்டுதல். அவர் கேட்டதில் தப்பில்லை. வராண்டாவில் தன் மகளுக்காகக் காத்திருந்த ஓர் அம்மா, எனக்கு அவரை முன்பின் தெரியாது, குறுக்கே வந்தார். "கன்னிப் பொண்ணை உள்ள விடாதீங்கம்மா. பாத்துப் பயந்துட்டா நாளைக்கு அதுக்கு ஆகாது." அதற்குள் அடுத்த வலி வந்து அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். "இவளே இருக்கட்டும் சிஸ்டர்" என்றாள். நர்ஸ் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "மயக்கம் வந்தா சுவர் ஓரமா உக்காந்துக்கணும், கத்தக் கூடாது" என்று சொல்லி உள்ளே விட்டார்.

பிரசவம் என்றால் அதுவரை எனக்குத் தெரிந்தது சினிமாவில் பார்த்ததுதான். மூடிய கதவு, வெளியே உலாத்தும் கணவன், ஒரு பெரிய அலறல், உடனே குழந்தையின் அழுகை. மொத்தம் இரண்டு நிமிடம். உள்ளே போன பிறகுதான் அது எவ்வளவு பெரிய காத்திருப்பு என்று புரிந்தது. முதல் நாள் இரவே சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்துப் பார்த்திருந்தோம். சூட்டு வலியாக இருந்தால் அடங்கிவிடும் என்பார்கள். அடங்கவில்லை. அப்போதிருந்து கணக்கு. காலை ஆறு மணிக்கு "மூணு விரல் திறந்திருக்கு" என்றார் நர்ஸ். முழுதாகத் திறக்கப் பத்து சென்டிமீட்டர் வேண்டும். தலைப்பிரசவம், மெதுவாகத்தான் ஆகும், நடக்கச் சொல்லுங்கள் என்றார். வார்டு நடையில் அக்காவை அணைத்துக்கொண்டு நடந்தேன். வலி வந்தால் நின்று என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். நான் இடுப்பை உள்ளங்கையால் அழுத்தித் தேய்ப்பேன். வார்டு ஆயாம்மா சொல்லிக் கொடுத்த இடம், முதுகுத்தண்டு முடியும் பள்ளம்.

யாருமே சொல்லாத சங்கதி ஒன்று: வலிக்கும் வலிக்கும் நடுவில் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் அக்கா அக்காவாகவே இருந்தாள். அம்மாவுக்குக் காலை மாத்திரையை யார் எடுத்துக் கொடுப்பார்கள் என்று கேட்டாள். பக்கத்து வீட்டு அத்தை கொடுப்பார் என்றேன். சரி என்று தலையாட்டுவதற்குள் அடுத்த வலி. இந்த ஓய்வைப் பற்றி யாராவது பெண்பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறார்களா? பத்து மணி நேரம் வலித்தது என்கிறார்கள். அந்தப் பத்து மணி நேரத்துக்குள் மூச்சு வாங்கிக்கொள்ள எத்தனை நிமிடங்கள் கிடைத்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

பதினோரு மணிக்கு மேல் அவள் பேச்சு நின்றது. வாந்தி எடுத்தாள். "என்னால முடியாது, ஆபரேஷன் பண்ணச் சொல்லு" என்றாள். எனக்குக் கை கால் உதறியது. நர்ஸ் மட்டும் பதறவில்லை. "இப்படிச் சொன்னாலே நேரம் வந்துருச்சுன்னு அர்த்தம்" என்று என்னிடம் தணிந்த குரலில் சொல்லிவிட்டுக் கையுறையை மாட்டினார். அதன் பிறகு முக்கச் சொன்னார்கள். முக்கும்போது மலமும் வந்தது. அக்கா வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். ஆயாம்மா ஒரு வார்த்தை பேசாமல், முகம் சுளிக்காமல் துடைத்து எடுத்துப் போட்டார். எல்லாப் பெண்ணுக்கும் நடக்கக்கூடிய விஷயம். ஒரு பெண்ணும் என்னிடம் சொன்னதில்லை.

"தலை தெரியுது, வந்து பாரு" என்றார் நர்ஸ்.

பார்த்தேன். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கருப்பாக, ஈரமாக, சுருங்கிய தோலும் முடியுமாக ஒன்று. வலி விட்டதும் அது உள்ளே போய்விட்டது. "போயிடுச்சே!" என்று கத்தியேவிட்டேன். "போகட்டும். ரெண்டடி முன்னால வரும், ஓரடி பின்னால போகும். அப்படித்தான் கிழியாம வழி பண்ணிக்கும்." அடுத்த வலிக்குக் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. திரும்ப உள்ளே. ஏழெட்டு முறை இப்படி. அப்புறம் ஒருமுறை உள்ளே போகாமல் நின்றது. "இப்ப முக்காதே, வாயைத் திறந்து மூச்சை விடு" என்றார். தலை முழுதாக வந்ததும் அந்த முகம் தரையைப் பார்த்தபடி இருந்தது. பிறகு யாரும் திருப்பாமலே, தானாகவே, மெல்ல ஒரு பக்கம் திரும்பியது. தோள்பட்டை வெளியே வருவதற்காகக் குழந்தை செய்துகொள்கிற ஏற்பாடு அது. யார் அதற்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? நான் அழ ஆரம்பித்தது அந்த இடத்தில்தான்.

தோள் வந்ததும் மிச்ச உடம்பு வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. நீலம் பாரித்து, வெண்ணெய் பூசினாற்போல் வெள்ளையாக மெழுகு படிந்து, அசையாமல். உடனே அழவில்லை. சில விநாடிகள்தான் இருக்கும். துணியால் முதுகைத் துவட்டினார்கள். ஒரு இருமல், ஒரு சிணுங்கல், அதற்கப்புறம் அழுகை. நெஞ்சிலிருந்து சிவப்பு பரவி வருவதைக் கண்ணால் பார்த்தேன். அக்காவின் வெறும் மார்பின் மேல் அவனைப் போட்டு, துணியால் மூடினார்கள். அவள் தொடையில் ஓர் ஊசி போட்டார் நர்ஸ், ரத்தப்போக்கு வராமல் தடுக்க. தொப்புள்கொடி முறுக்கிய கயிறுபோல் நீலமும் வெள்ளையுமாகத் துடித்துக்கொண்டிருந்தது. துடிப்பு அடங்கும்வரை வெட்டாமல் காத்திருந்தார்.

முடிந்தது என்று நான் நினைத்தேன். "இன்னும் நஞ்சு வரலையே" என்றார். கால்மணி நேரத்தில் அதுவும் வந்தது. ஈரல் நிறத்தில் ஒரு தட்டு அளவு. அதைத் தட்டில் விரித்து, ஓரம் ஓரமாகத் தடவி, துண்டு ஏதும் உள்ளே தங்கவில்லையே என்று பார்த்தார். "இது முழுசா வந்தாத்தான் தாயும் பிள்ளையும் ரெண்டு உசுரு" என்றார். குழந்தை பிறந்ததும் எல்லோர் கண்ணும் குழந்தை மேல் போய்விடுகிறது. அந்த நர்ஸின் கண் மட்டும் கடைசிவரை அக்கா மேல் இருந்தது. பிரசவத்துக்குப் பின் வரும் ரத்தப்போக்குதான் தாய்மார்களைக் கொல்வதில் முதலிடத்தில் நிற்கிறது என்று பின்னாளில் படித்தபோது அந்தக் கண்களை நினைத்துக்கொண்டேன்.

அக்காவுக்கு உடம்பெல்லாம் தூக்கிப் போட்டது. குளிரா என்று கேட்டேன். "பசிக்குது" என்றாள்.

அன்று இரவு வீட்டுக்கு வந்து படுத்தபோது, எனக்குக் குழந்தையே வேண்டாம் என்று நினைத்தேன். இதை மறைக்க விரும்பவில்லை. வராண்டாவில் அந்த அம்மா சொன்னது பலித்துவிட்டதோ என்றுகூட இருந்தது. பல மாதம் அந்தப் பயம் இருந்தது. ஆனால் அதன் தன்மை மாறிக்கொண்டே வந்தது. முன்னால் இருந்தது இருட்டைப் பார்த்த பயம், எது எங்கே இருக்கிறதென்று தெரியாத பயம். பின்னால் வந்தது ஆற்றைப் பார்த்த பயம். எங்கே ஆழம், எங்கே சுழல், எங்கே கால் ஊன்றலாம் என்று தெரிந்த பயம். இரண்டாவதோடு வாழ முடியும்.

என் அப்பத்தாவுக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருந்தது. தன் அக்காவின் பிரசவத்துக்கு அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடித்து நின்றபோது அவருக்குப் பதினாலு வயது. பிற்பாடு அவர் ஆறு பெற்றார், ஆறும் வீட்டில். அதில் இரண்டு தங்கவில்லை. அந்த இரண்டை மறந்துவிட்டு யாரும் பழைய காலத்தைப் புகழக் கூடாது. 2018இல் திருப்பூரில் வீடியோ பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்கப் போய் ஓர் இளம்பெண் உயிரை விட்டதையும் நாம் பார்த்தோம். தமிழ்நாட்டில் 100க்கு 99.6 பிரசவம் மருத்துவமனையில் நடந்தது என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு. அது நம் நர்ஸுகளும் கிராம சுகாதாரச் செவிலியர்களும் வீடு வீடாக நடந்து சேர்த்த சொத்து. ஆனால் பிரசவம் மருத்துவமனைக்குள் போனபோது, விளக்குப் பிடித்த பதினாலு வயசுப் பெண் வெளியே நின்றுவிட்டாள். பார்த்துக் கற்ற ஒன்று, வாய்ச்சொல்லாகச் சுருங்கி, அப்புறம் அதுவும் இல்லாமல் போனது.

கூட ஒருத்தி நிற்பதற்கு என்ன மதிப்பு என்பதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். குவாத்தமாலாவில் ஒரு மருத்துவமனையில் செய்து 1980இல் வெளியான ஆய்வு. பிரசவ வலியில் இருந்த பெண்களில் ஒரு பகுதியினருக்கு, முன்பின் தெரியாத ஒரு சாதாரணப் பெண்ணைத் துணைக்கு வைத்தார்கள். அவள் மருத்துவச்சி இல்லை. கையைப் பிடித்துக்கொள்வாள், முதுகைத் தேய்ப்பாள், பேசுவாள், அவ்வளவுதான். சிக்கல் இல்லாத பிரசவங்களில், துணை இல்லாதவர்களுக்குச் சேர்க்கையிலிருந்து குழந்தை பிறக்க சராசரி 19.3 மணி நேரம் ஆனது. துணை இருந்தவர்களுக்கு 8.8. அதற்குப் பின் எத்தனையோ நாடுகளில் எத்தனையோ ஆய்வுகள். உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பரிந்துரைகளில், பெண் தானே தேர்ந்தெடுத்த ஒருவர் பிரசவம் முழுக்கக் கூட இருக்க வேண்டும் என்பதும் ஒன்று. நம் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் அந்தப் பரிந்துரைக்கு முன்பே, 2004இலேயே, பிரசவத் துணைவரை அனுமதிக்கும் திட்டத்தைத் தொடங்கிவிட்டன. அன்று விடிகாலையில் நான் உள்ளே போனது அதனால்தான்.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஆய்வே தேவையில்லை. மலைக்கோட்டைத் தாயுமானவர் கதை எல்லோருக்கும் தெரியும். காவிரியில் வெள்ளம், மகளின் பிரசவத்துக்கு வர வேண்டிய தாய் அக்கரையில் மாட்டிக்கொள்கிறாள். சிவன் அந்தத் தாயின் உருவத்திலேயே வந்து பிரசவம் பார்க்கிறார். சாமி நினைத்திருந்தால் வலியில்லாமல் செய்திருக்கலாம், வெள்ளத்தை வடியச் செய்திருக்கலாம். அம்மாவாக வந்து பக்கத்தில் நிற்பதுதான் அந்தப் பெண்ணுக்கு வேண்டியிருந்தது. அக்காவுக்கு சுகப்பிரசவம் ஆனால் வாழைத்தார் செலுத்துவதாக அம்மா வேண்டியிருந்தார். மாவுக்கட்டு பிரித்த கையோடு படியேறிச் செலுத்தினார்.

கல்யாணமாகி எனக்கும் நாள் வந்தபோது ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தேன். "உள்ள யாரும் வரக்கூடாது" என்றார்கள். ஏன் என்று கேட்டதற்கு "இங்க அப்படித்தான்" என்பதுதான் பதில். அக்கா மகனைக் கோயம்புத்தூரில் விட்டுவிட்டு எனக்காகவே வந்திருந்தாள். ஒன்பது மணி நேரம், கதவுக்கு அந்தப் பக்கம் பதினைந்தடி தூரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்த கை, நான் பிடித்துக்கொள்ளக் கிடைக்கவில்லை. வலியில் ஒரு துளிகூடக் குறையவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பார்த்தது வேறு, படுவது வேறு. ஆனால் 'என்னால முடியாது' என்று என் வாயே சொன்னபோது, நேரம் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. பிறகு உடம்பு தூக்கிப் போட்டபோது சாகப்போகிறேன் என்று நினைக்கவில்லை.

திரைக்கு அந்தப் பக்கம் இன்னொரு பெண். இருபது வயதுதான் இருக்கும் குரலில். வலியில் கத்தினாள். அவளைப் பார்த்து ஒரு பணியாளர் சொன்ன வாசகத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை. பிரசவ அறையில் அதைக் கேட்ட பெண்களுக்கு அது என்னவென்று தெரியும். தாயாகும் நேரத்தில் ஒருத்தியிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? வீட்டு மனுஷி ஒருத்தி பக்கத்தில் நின்றிருந்தால் அந்த வாய் அப்படித் திறந்திருக்காது. "தலை போகுதே, போகுதே" என்று அந்தப் பெண் அழுதபோது, திரைக்கு இந்தப் பக்கமிருந்து நான் சொன்னேன்: "போயிட்டுத்தான்மா வரும். எல்லாருக்கும் அப்படித்தான்." அவள் முகத்தை நான் கடைசிவரை பார்க்கவில்லை. அவள் குழந்தை என் மகளுக்கு இருபது நிமிடம் முன்னால் அழுதது.

உங்கள் வீட்டில் யாருக்காவது நாள் நெருங்கியிருந்தால், ஏழாம் மாதச் செக்கப்பிலேயே கேளுங்கள். பிரசவத்தின்போது கூட ஒருவர் இருக்கலாமா? முடியாது என்றால் ஏன்? வலி வந்த பிறகு கேட்க யாருக்கும் தெம்பு இருக்காது.

அடுத்த மாதம் என் சித்தி மகளுக்கு நாள். அரசு மருத்துவமனையில்தான். உள்ளே ஒருத்திக்குத்தான் அனுமதி, என்னை வரச் சொல்கிறார்கள். அவளுடைய தங்கை கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள், தானே நிற்கிறேன் என்கிறாள். சித்தி இன்னும் சரி என்று சொல்லவில்லை.

சித்தி, அவளை அனுப்புங்கள். நான் வராண்டாவில் உட்கார்ந்துகொள்கிறேன்.