கூலிச் சொல்லும் காதற் சொல்லும்

அரசியற் பகையும் காதலும் ஓரிடத்தே மோதுங்கால் எழும் நகை எளிய நகையன்று. பழந்தமிழர் வாழ்வை அகம் என்றும் புறம் என்றும் பகுத்தனர். புறத்தே எதிரெதிர் நிற்போர் அகத்தே ஒன்றுதல் கூடுமோ? கூடுமெனின் அதற்குரிய விலை யாது? 1994-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ‘இசுபீச்லெசு’ என்னும் திரைப்படம் இவ்வினாவைத் தொட்டது. விடை கூறாது நழுவியது என்பதே என் கருத்து.

உரான் அண்டர்வுட் இயக்கிய அப்படத்தின் களம், நியூமெக்சிக்கோ மாநில மேலவைத் தேர்தல். உறக்கம் வாராமையால் நள்ளிரவில் மருந்து தேடிக் கடைக்கு வந்த இருவர் எதிர்ப்படுகின்றனர். மைக்கேல் கீட்டன் ஏற்ற கதைமாந்தன் குடியரசுக் கட்சி வேட்பாளருக்கு மேடையுரை எழுதுவோன். சீனா தேவிசு ஏற்ற பெண்ணோ மக்களாட்சிக் கட்சி வேட்பாளருக்கு எழுதுவோள். உள்ளம் கலந்த பின்னரே தாம் எதிரெதிர்ப் பாசறையினர் என்பதை உணர்கின்றனர். தொடக்கம் நன்றே.

ஆயின், அவ் ஆண்மகன் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களுக்கு எழுதிப் பிழைத்தவன். தேர்தலுரை அவனுக்கு இன்னுமொரு கூலிவேலை. கொள்கையே இல்லாதான் காதலுக்காக எதனைத் துறப்பான்? ஈவதற்கு ஒன்றுமில்லாதான் தன்னை வள்ளல் என்பது போன்றதன்றோ இது!

மெய்வாழ்வு இதனினும் திண்ணிது. 1992-ஆம் ஆண்டுத் தலைவர் தேர்தலில் சேம்சு கார்வில் என்பார் கிளிண்டனுக்காகவும், மேரி மாட்டலின் என்னும் அம்மையார் சார்சு புசுவுக்காகவும் பாடாற்றினர். ஒருவர்தம் வெற்றி மற்றவர்தம் தோல்வியாயிற்று. எனினும் 1993-இல் நியூ ஆர்லியன்சு நகரில் இருவரும் மணந்தனர். 2001-இல் அவ்வம்மையார் மீண்டும் குடியரசுக் கட்சி ஆட்சியிற் பணியேற்றார். கணவரோ தம் கட்சியிலேயே நின்றார். இல்லற அமைதிக்கு விலையாகக் கொள்கையை இருவரும் தந்திலர். ஈண்டன்றோ காதலுக்கு எடையுண்டு!

பிறரை மட்டும் குறைகூறேன். பள்ளிச் சொற்போரில் இருபக்க மாணவர்க்கும் யானே உரை எழுதித் தந்த காலமுண்டு. இருவர்க்கும் அவை கைதட்டியது, யானும் பெருமிதத்தோடிருந்தேன். கூட்டம் முடிந்தபின் மாணவி ஒருத்தி, “ஐயா, தாங்கள் எந்தப் பக்கம்?” என்று வினவினாள். விடையிறுக்க இயலாது நின்றேன். அன்றோடு எழுதித் தருதலை விட்டேன். இன்று அவர்களே எழுதுகின்றனர். பிழை திருத்துதலே என் பணி. உரைகள் முன்போல் ஒழுங்காக இல்லை. ஆனால் அவை அவர்களுடையவை.

அப்படம் கேட்டிருக்க வேண்டிய வினாவும் இதுவே. பகலெல்லாம் சொல்லைக் கூலிக்கு விடுவோன், இரவில் காதலியிடம் கூறும் சொல்லை அவள் எங்ஙனம் நம்புவாள்?

இளையோரே! மாற்றுக் கட்சியாரைக் காதலித்தல் இழுக்கன்று; நம்பாத ஒன்றை நம்புவதுபோற் பேசுதலே இழுக்கு. ஒப்போலையில் வேறுபடுங்கள், வாய்மையில் வேறுபடாதீர்கள்.