பெட்டிக்குள் அடங்காத தேனீ

குறிஞ்சியும் நெய்தலும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்களைப் போல் வாழும் சீமை, கன்னியாகுமரி மாவட்டம். இனயம் கடற்கரையில் காலை உணவு அருந்திப் பஸ் ஏறுகிறவர், உச்சி வேளைக்குள் பேச்சிப்பாறைக் காட்டோரம் போய்ச் சேரலாம். வழியில் இருப்பது மார்த்தாண்டம். 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்பவர் நடத்திய கிராம புனருத்தாரணப் பணியினால் தேனீ வளர்ப்புக்குப் பேர் பெற்ற ஊர் அது. 2023-இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தத் தேனில் பெரும் பங்கு ரப்பர் மரத்தின் இலைக் காம்பில் சுரக்கும் மதுவே என்றால், பூவிலிருந்துதான் தேன் வரும் என்று பாடம் படித்த பிள்ளைகள் வியப்படைவார்கள்.

ஆனால் இவ்வாரம் நாம் சொல்ல வந்தது அந்தப் பெட்டித் தேனீயைப் பற்றியன்று. அதன் பெரிய தமக்கையான மலைத்தேனீயைப் பற்றி. பெருந்தேனீ என்றும் இதனைச் சொல்வார்கள். இது முக்கால் அங்குல நீளம் வரை வளரும். பொந்திலோ பெட்டியிலோ இது குடியிருக்காது. உயர்ந்த மரக்கிளையிலும் பாறை விளிம்பிலும் ஒரே ஒரு அடையைத் திறந்த வெளியில் தொங்கவிடும். அடை ஒரு கஜ அகலம்கூட இருக்கும். அதில் 60,000 ஈக்கள் வரை வாழும்.

சுவர் இல்லாத வீட்டுக்குக் காவல் ஏது? ஈக்களே சுவர். ஒன்றன் மேல் ஒன்றாகப் பல அடுக்குகளில் தொங்கி, அடையைத் திரை போல் மூடி, குஞ்சுகளுக்கு வெயிலும் மழையும் படாமல் காக்கின்றன. குளவி நெருங்கினால் ஆயிரக்கணக்கான ஈக்கள் வரிசையாக வயிற்றை உயர்த்தித் தாழ்த்துகின்றன. கூட்டின் மீது கடலலை போல் ஒரு பளபளப்பு ஓடுகிறது. அந்த அலை குளவியை விரட்டுகிறது என்பதை ஆஸ்திரியாவின் கிராஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த விஞ்ஞானிகள் 2008-இல் எடுத்துக் காட்டினார்கள்.

பூக்காலம் முடிந்ததும் கூட்டம் அடையை விட்டுப் புறப்பட்டுவிடும். நூறு கிலோமீட்டருக்கு மேலும் போகக்கூடும். பருவம் திரும்பியதும் பழைய மரத்துக்கே வருவதுண்டு. வேலைக்கார ஈயின் ஆயுள் சில வாரங்களே. அப்படியானால் வழியை நினைவில் வைத்திருப்பது யார்? இதற்குத் திருப்தியான விடை இன்னும் கிடைக்கவில்லை.

இவ்வளவு பெரிய ஈயைப் பெட்டியில் பிடித்து வைத்தால் குடம் குடமாகத் தேன் எடுக்கலாமே என்று ஆசைப்பட்டவர்கள் உண்டு. 1880-ஆம் ஆண்டு வாக்கில் பிராங்க் பென்ட்டன் என்ற அமெரிக்கர் இதற்காகவே கீழ்த்திசைக்கு வந்து, இலங்கையிலும் ஜாவாவிலும் இதனைத் தேடினார். இதனைத் தம் நாட்டில் குடியேற்றும் எண்ணம் பலிக்கவில்லை. வெளிச்சமும் காற்றும் வேண்டும், காலத்துக்கு ஓர் ஊர் வேண்டும் என்கிற பிராணியைச் சிறையில் வைப்பது எப்படி?

பெட்டித் தேனீக்கு நோய் வந்தால் வளர்ப்பவர் கண்ணில் படும். 1991-ஐ ஒட்டிய ஆண்டுகளில் புழுக்களைக் கொல்லும் வைரஸ் நோய் தென்னாட்டில் பரவியபோது, பெட்டிகள் காலியானதை ஊரே கண்டு வருந்தியது. மலைத்தேனீக்குச் சொந்தக்காரர் இல்லை. ஆகையால் அது அழிந்தால் கண்ணீர் விடவும் ஆள் இல்லை. இரவில் தீப்பந்தம் கொளுத்தி, ஈக்களைக் கருக்கி, அடை முழுவதையும் அறுத்தெடுக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. பட்டணங்களிலோ, தண்ணீர்த் தொட்டியின் அடியில் கூடு கண்டவுடன் தீ வைக்க ஆள் தேடுகிறார்கள்.

இதற்கு அவசியமே இல்லை. அடையில் தேன் நிறைந்த பகுதி, கிளையை ஒட்டிய மேல்முனையில் தனியே பருத்துத் தெரியும். குஞ்சுகள் இருப்பது கீழே. தேன் பாகத்தை மட்டும் அறுத்து, குஞ்சுப் பாகத்தை விட்டால் ஈக்கள் மறுபடியும் கட்டும். வியட்நாமின் தென்கோடிக் காடுகளில் குடியானவர்கள் சாய்வான கழிகளை நட்டு வைத்துக் காத்திருக்கிறார்கள். ஈக்கள் தாமாக வந்து அடை கட்டுகின்றன. அவர்கள் மேல்முனையை மட்டும் எடுத்து, ஒரே கூட்டில் மறுமுறையும் தேன் காண்கிறார்கள். சிறை வைக்காமலே விருந்தாளியாக வரவழைக்கும் உபாயம் இது.

வீட்டில் இருப்பவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது கொஞ்சமே. கூட்டின் மீது கல்லெறிய வேண்டாம். அருகே புகை போட வேண்டாம். குழந்தைகளை எட்ட நிறுத்துங்கள். ஒரு ஈ கொட்டினால் அந்த வாசனையே மற்றவற்றை அழைக்கும். ஆகையால் கையை வீசிக்கொண்டு நிற்காமல் விரைந்து உள்ளே போய்க் கதவைச் சாத்துங்கள். பல ஈக்கள் கொட்டிவிட்டால் தாமதமின்றி வைத்தியரிடம் போவதே உசிதம். ஜனங்கள் நடமாடும் இடத்தில் கூடு இருந்து அபாயம் நேரும் என்றால், பழகியவரைக் கொண்டு அகற்றலாம். மற்றபடி சில மாதம் பொறுத்தால் போதும்; அது தானே கிளம்பிவிடும்.

தங்கியிருக்கும் நாளில் அது எத்தனையோ மரங்களின் பூவைக் காயாக்கியிருக்கும். அதற்காக அது நம்மிடம் கேட்கும் வாடகை, தீ வைக்காமல் இருப்பது ஒன்றுதான்.