கோபம் கைமீறிப் போனால் யாரிடம் போவது?

“கோபம் வந்தா மட்டும் தலைகால் புரியாது, மத்தபடி தங்கமான மனுஷன்.” பல வீடுகளில் சிகிச்சையை வருஷக்கணக்கில் தள்ளிப்போட வைப்பது இந்த ஒரு வரிதான். கோபம், திடீர் அழுகை, பொருளை உடைப்பது எல்லாவற்றையும் நாம் 'குணம்' என்ற கணக்கில் எழுதிவிடுகிறோம். 2015-16இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயது வந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாகச் சொன்னது. பெரும்பாலானோர் சிகிச்சைக்கே போகவில்லை.

சரி, போவது என்று முடிவு செய்தாச்சு. யாரிடம்?

குழப்பம் இங்கேதான். மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர், மருந்து எழுதலாம். மருத்துவ உளவியலாளர் மருந்து எழுத மாட்டார். பேச்சுவழி சிகிச்சை தருவார். இவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். 'கவுன்சலர்' என்ற போர்டை மட்டும் நம்பிவிடாதீர்கள். சில வார ஆன்லைன் கோர்ஸ் முடித்தவரும் அதை மாட்டிக்கொள்கிறார். என்ன படித்தீர்கள், பதிவு எண் என்ன என்று கேட்பதில் தப்பே இல்லை.

முதலில் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. தைராய்டு கோளாறு, தூக்கமின்மை, குடி போன்றவையும் எரிச்சலைக் கூட்டும். அதைக் கண்டுபிடிக்காமல் மாதக்கணக்கில் பேசிக்கொண்டே இருந்து என்ன பயன்?

காசு? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இலவசமாகப் பார்க்கலாம். கூட்டம் இருக்கும், டாக்டர் பேசும் நேரம் குறைவு. அதையும் சொல்லிவிட வேண்டும். 14416 என்ற 'டெலி மானஸ்' எண் 2022 அக்டோபரில் தொடங்கியது. 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம். எங்கே போவது என்றே தெரியாதவர்கள் இங்கிருந்து தொடங்கலாம்.

2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம், உடல் நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தரச் சொல்கிறது. ஆனால் நிறைய பாலிசிகள் அட்மிட் ஆனால்தான் பணம் தரும். வாராவாரம் போய்ப் பேசும் சிகிச்சைக்குக் கைக்காசுதான். சட்டம் பாதி வழியில் நின்றுவிட்டதாகவே தோன்றுகிறது.

வேலை இடத்தில் தெரிந்துவிடுமோ என்று பயப்படுகிறவர்களுக்கு: சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைப்பதும் அதே சட்டம் தரும் உரிமை.

இன்னொன்று. கோபப்படுகிறவர் சிகிச்சைக்குச் சம்மதிக்கும்வரை, வீட்டில் அடி வாங்குகிற பெண் காத்திருக்க வேண்டியதில்லை. அவருக்கான எண் 181.