ஒரு மாணவனின் குறிப்பேடும் நம் வீட்டுப் பதற்றமும்



நம் பிள்ளைகள் தத்துவத்தைத் தத்துவ நூல்களில் சந்திப்பதில்லை. நான் யார், என்னை இங்கே வைத்தது ஏன், துன்பம் எதற்கு எனும் வினாக்கள் கல்லூரிக்குப் போகும் ஒரு முஸ்லிம் பிள்ளைக்கு ஒரு நாவலிலிருந்தோ, விடுதி அறையில் நள்ளிரவில் பார்த்த ஒரு திரைப்படத்திலிருந்தோதான் வந்து சேர்கின்றன. வந்த வினாவை அவன் எங்கே கொண்டுபோய் இறக்கிவைக்கிறான் என்பதே நாம் கவலைப்பட வேண்டிய விஷயம். நம்மிடம் இறக்கிவைக்க இடமில்லையென்றால், இடம் தருவதற்கு வேறு பலர் காத்திருக்கின்றனர்.

இதை எழுதத் தூண்டியது ஒரு குறிப்பேடு. சிறுவயதில் என்னிடம் குர்ஆன் ஓதி, இப்போது பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவனுடையது அது. அவனுடைய அத்தா அதைக் கொண்டுவந்து என் முன் வைத்து, “ஹஜ்ரத், பையன் கைவிட்டுப் போய்விட்டான் போலிருக்கிறது, பாருங்கள்” என்றார். தான் படித்த கதைகளையும் பார்த்த படங்களையும் பற்றி அவன் தனக்காக எழுதிவைத்த சிந்தனைகள் அதில் இருந்தன. அவனிடம் கேட்டு, அவன் அனுமதித்த பகுதிகளை மட்டும், பெயரின்றி இங்கே குறிப்பிடுகிறேன்.

சினிமாவைப் பற்றிய மார்க்கத் தீர்ப்பை இங்கே நான் எழுத வரவில்லை. திரையில் வருவதில் பெரும்பகுதி கண்ணுக்கும் கல்புக்கும் கேடு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பிள்ளை பார்த்துவிட்டான், பார்த்ததோடு நில்லாமல் யோசித்திருக்கிறான். அந்த யோசனையை என்ன செய்வது என்பதுதான் பேச்சு.

அத்தாவைப் பதறவைத்த வரி ‘தி ட்ரூமன் ஷோ’ பற்றியது. 1998-இல் பீட்டர் வேயர் இயக்கிய அந்தப் படத்தில், ட்ரூமன் எனும் மனிதன் பிறந்தது முதல் ஒரு மாபெரும் கூடாரத்துக்குள் வளர்க்கப்படுகிறான். வானம் வரையப்பட்டது. மனைவி, நண்பன், அண்டை வீட்டார் அனைவரும் சம்பளம் வாங்கும் நடிகர்கள். ஆயிரக்கணக்கான கேமராக்கள் அவனை உலகுக்கு ஒளிபரப்புகின்றன. அவனுக்கு மட்டும் தெரியாது. மேலிருந்து இதையெல்லாம் நடத்துபவன் கிறிஸ்டாஃப் என்பவன். நம் மாணவன் எழுதியிருந்தது இதுதான்: எல்லாவற்றையும் பார்ப்பவனும் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்பவனும் அல்லாஹ் என்றால், அவனுக்கும் கிறிஸ்டாஃபுக்கும் என்ன வேறுபாடு?

“அஸ்தஃக்ஃபிருல்லாஹ்” என்று சொல்லிக் குறிப்பேட்டை மூடிவிடுவது எளிது. மூடினால் அந்த வினா அவன் நெஞ்சுக்குள் திறந்தே கிடக்கும். படத்தைப் பார்த்துவிட்டே அவனோடு பேசினேன். கிறிஸ்டாஃபுக்கு ட்ரூமன் தேவை. ட்ரூமன் வெளியேறிவிட்டால் அவனுடைய நிகழ்ச்சி இல்லை, விளம்பர வருவாய் இல்லை, அவனே இல்லை. ட்ரூமனின் மனைவியாக நடிப்பவள் கணவன் மனம் உடைந்து நிற்கும் நேரத்திலும் ஒரு கோகோ பானத்தின் பெருமையைக் கேமராவை நோக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறதே, அந்தத் தேவையை யோசித்துப் பார் என்றேன். நாம் ‘அஸ்ஸமத்’ என்று தினமும் ஓதுவது எவனை? எவரிடமும் தேவையற்று, எல்லோராலும் நாடப்படுபவனை. அடுத்து, கிறிஸ்டாஃப் மறைக்கிறான். ட்ரூமன் தீவை விட்டுப் போகக் கூடாது என்பதற்காகச் சிறுவயதிலேயே அவன் கண்ணெதிரே தந்தை கடலில் மூழ்குவதுபோல் நடிக்கவைத்து, தண்ணீரைக் கண்டால் நடுங்குமாறு செய்துவிடுகிறான். அல்லாஹ்வோ இது நிரந்தர இல்லமன்று, சோதனைக்களம் என்று நபிமார்களை அனுப்பித் திரும்பத் திரும்ப அறிவித்துவிட்டான். வாசல் எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லிவிட்டான்.

அவன் அதோடு விடவில்லை. “ஆனால் ஹஜ்ரத், ட்ரூமனைப் போலவே நம்மையும் கேட்டுவிட்டு இங்கே வைக்கவில்லையே” என்றான். ஆதமுடைய மக்களின் ஆன்மாக்களிடம் வாங்கப்பட்ட உறுதிமொழியைப் பற்றி அஃராஃப் அத்தியாயம் கூறுவதை எடுத்துச் சொன்னேன். “அது யாருக்கும் நினைவில்லையே” என்றான். ஃபித்ரா என்று நாம் சொல்லும் இயல்புணர்வே அந்த நினைவின் எச்சம் என்பது ஆலிம்கள் பலர் தந்த விளக்கம். அது அவனை முழுதாக நிறைவுபடுத்தவில்லை. இன்னும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இத்தகைய வினாக்கள் மேலைநாட்டுப் படங்கள் கொண்டுவந்த நோய் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் அரபி மதரஸாக்களில் ஓதப்படும் ‘ஷரஹுல் அகாயித்’ எங்கே தொடங்குகிறது? தொழுகையிலா, நோன்பிலா? பொருள்களின் இருப்பு மெய்யானது, அவற்றை அறிய முடியும், இதை மறுக்கும் சூஃபஸ்தாயிய்யாக்கள் தவறுகின்றனர் என்பதிலிருந்து. உலகமே ஒரு தோற்றம்தானோ எனும் ஐயத்துக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் இமாம் நஸஃபீ (ரஹ்) ஈமானைப் பற்றிப் பேசவே தொடங்குகிறார். தஃப்தாஸானீ (ரஹ்) அதை விரித்து எழுதுகிறார். இதை ஓதி முடித்த ஆலிம்களாகிய நாம், அதே ஐயத்தை ஒரு பிள்ளை சட்டையும் கால்சட்டையும் அணிந்துகொண்டு கேட்டால் அடையாளம் தெரியாமல் விழிக்கலாமா?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். பக்தாத் நிஜாமிய்யாவின் பேராசிரியராக இருந்து, 1095-இல் அந்தப் பதவியை உதறிச் சென்றவர். தம் வாழ்வைத் திரும்பிப் பார்த்து எழுதிய ‘அல்முன்கித் மினள் ளலால்’ நூலில் அவர் மறைக்காமல் ஒன்றைச் சொல்கிறார். நிழல் அசையாமல் நிற்பதாகக் கண் காட்டுகிறது. ஆனால் அது நகர்ந்துகொண்டே இருக்கிறது. விண்மீன் ஒரு தீனார் அளவே தெரிகிறது. கணக்கோ அது பூமியை விடப் பெரிது என்கிறது. கண்ணை அறிவு பொய்யாக்குவதுபோல, அறிவையும் பொய்யாக்கும் மேலான ஒன்று இருந்தால்? கனவில் இருப்பவன் விழிக்கும் வரை கனவை மெய்யென்றுதானே நம்புகிறான்? ஏறக்குறைய இரண்டு மாதங்கள் இந்த ஐயத்தில் தவித்ததாகவும், வாதங்களை அடுக்கியதால் அது தீரவில்லை, அல்லாஹ் நெஞ்சில் இட்ட ஓர் ஒளியால் தீர்ந்தது என்றும் எழுதுகிறார். கனவா நனவா என்று டெகார்த் தம் நூலில் கேட்டது 1641-இல்; கஸ்ஸாலி மறைந்தது 1111-இல். ‘தி மேட்ரிக்ஸ்’ படம் 1999-இல் அதையே கண்ணாடி மாட்டிக்கொண்டு கேட்டது. நம் மாணவன் அந்தப் படத்தைப் பற்றி ஆறு பக்கம் எழுதியிருந்தான். அதில் நான்கு பக்கம் சண்டைக் காட்சிகள்! அவற்றை விட்டுவிடலாம்.

பெரியவர்கள் சிலர் ஒரு ஹதீஸை முன்வைப்பார்கள். இதைப் படைத்தது யார், அதைப் படைத்தது யார் என்று கேட்டுக்கொண்டே போய், இறைவனைப் படைத்தது யார் என்ற இடத்துக்கு ஷைத்தான் கொண்டுவருவான், அப்போது அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடி நிறுத்திக்கொள்ளுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியது அது. ஆதாரப்பூர்வமான ஹதீஸ்; மறுப்பில்லை. ஆனால் அது முடிவே இல்லாமல் சுழலும் வஸ்வாஸுக்கு உரிய மருந்து. பதில் தேடும் வினாவுக்கு அதே மருந்தைப் புகட்டக் கூடாது. இறந்தோரை எப்படி உயிர்ப்பிக்கிறாய் என்று காட்டுமாறு இப்ராஹீம் (அலை) அவர்களே கேட்டார்கள். நம்பவில்லையா என்று வினவப்பட்டபோது, நம்புகிறேன், என் உள்ளம் அமைதியடையவே கேட்கிறேன் என்ற பொருளில் மறுமொழி சொன்னார்கள். அல்லாஹ் கோபிக்கவில்லை, நான்கு பறவைகளைக் கொண்டு காட்டினான். வாயால் சொல்லவும் அஞ்சும் எண்ணங்கள் உள்ளத்தில் எழுகின்றன என்று தோழர்கள் முறையிட்டபோது, அதுவே தெளிவான ஈமான் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதும் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது.

குறிப்பேட்டில் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது வேறொரு படத்தைப் பற்றிய பக்கங்கள். ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியாரொஸ்தமியின் ‘டேஸ்ட் ஆஃப் செர்ரி’. 1997-இல் கான் திரைப்பட விழாவின் முதற்பரிசைப் பகிர்ந்துகொண்ட படம். ஆட்டபாட்டம் எதுவும் அதில் இல்லை. பதீஈ என்பவர் தெஹ்ரானுக்கு வெளியே மண்மேடுகளுக்கிடையே வண்டி ஓட்டிக்கொண்டே இருக்கிறார். உயிரை முடித்துக்கொள்ள முடிவு செய்துவிட்டார். மறுநாள் விடியலில் வந்து தன் பெயர் சொல்லி அழைத்துப் பார்த்து, பதில் இல்லையென்றால் மண்ணள்ளிப் போட ஓர் ஆள் வேண்டும். அதற்குப் பணம் தருவதாகச் சொல்கிறார். ஏன் இந்த முடிவு என்பதைப் படம் சொல்வதே இல்லை.

முதலில் ஏறிய இளம் சிப்பாய் பயந்து ஓடிவிடுகிறான். அடுத்து ஏறுபவர் ஆப்கானிஸ்தானிலிருந்து வந்து ஓதும் ஒரு மதரஸா மாணவர். நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தேன் என்றே சொல்ல வேண்டும். நம்மவர் ஒருவர் அல்லவா! அவர் தற்கொலை ஹராம் என்கிறார், மார்க்க ஆதாரம் காட்டுகிறார். சொன்னதில் ஓர் எழுத்தும் பிழையில்லை. நான் அந்த இருக்கையில் இருந்திருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன். பதீஈயோ, உபதேசம் வேண்டுமென்றால் படிப்பை முடித்த ஒருவரிடம் போயிருப்பேனே, எனக்கு வேண்டியது உன் கைகள் என்கிறார். மாணவர் இறங்கிப் போய்விடுகிறார்.

மூன்றாவதாக ஒரு முதியவர். தாமும் இளமையில் ஒருநாள் அதிகாலை இருட்டில் இதே நோக்கத்தோடு வீட்டைவிட்டுப் புறப்பட்டதாகச் சொல்கிறார். ஒரு முசுக்கட்டை மரத்தில் ஏறியபோது கையில் மெத்தென்று ஏதோ பட்டது. பழம். ஒன்றைத் தின்றார், இன்னொன்றைத் தின்றார். சூரியன் உதித்தது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் மரத்தை உலுக்கச் சொன்னார்கள். உலுக்கினார்; பிள்ளைகள் தின்றார்கள்; மீதியை வீட்டுக்கு எடுத்துப்போனார்; மனைவியும் தின்றாள். பிறகு பதீஈயிடம் கேட்கிறார்: வானத்தைப் பார்க்க, ஊற்று நீரைக் குடிக்க, பழங்களின் சுவையை அறிய உமக்கு இனி விருப்பமே இல்லையா?

இதன்கீழ் நம் மாணவன் எழுதியிருந்தான்: “மதரஸா மாணவர் சரியாகச் சொன்னார். முதியவர் தன்னைச் சொன்னார். பதீஈ வண்டியைத் திருப்பிக்கொண்டு மறுபடி தேடிப்போனது முதியவரை.” படத்தில் அப்படித்தான் நடக்கிறது. முதியவரை இறக்கிவிட்ட பிறகு பதீஈ அவர் வேலை செய்யும் இடத்துக்கு ஓடிப்போய், நான் உறங்கிக்கொண்டிருக்கலாம், நன்றாக அசைத்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறார். சாக நினைப்பவன் ஏன் அப்படிக் கேட்க வேண்டும்?

நான் ஃபிக்ஹ் கற்பிப்பவன். ஹராமை ஹராம் என்று சொல்லும் கடமை எவர் மீதிருந்தும் நீங்காது. ஆனால் முதியவர் எண்ணிச் சொன்னவை யாவும் அல்லாஹ் தன் வேதத்தில் எண்ணிச் சொன்ன நிஃமத்துகள் என்பதை அந்த மதரஸா மாணவரும் ஓதியிருப்பார். அவரிடம் அது இருந்தது, எடுக்கவில்லை. விபச்சாரத்துக்கு அனுமதி கேட்டு வந்த இளைஞரை மக்கள் அதட்டியபோது நபி (ஸல்) அவர்கள் என்ன செய்தார்கள்? அருகே அழைத்து அமரவைத்தார்கள். உன் தாய்க்கு இதை விரும்புவாயா, உன் மகளுக்கு விரும்புவாயா என்று கேட்டார்கள். நெஞ்சில் கைவைத்துத் துஆச் செய்தார்கள். சட்டம் மாறவில்லை. அது அவருடைய உள்ளத்துக்குப் போய்ச்சேர்ந்தது.

அந்தப் பக்கங்களைப் படித்ததும், அவனுக்கே அப்படி ஏதும் எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்டுவிட்டேன். இல்லை, விடுதியில் ஒரு நண்பனை நினைத்து எழுதினேன் என்றான். அந்த நண்பனின் வீட்டாருக்குத் தெரியப்படுத்தும் வழியைப் பேசிச் செய்தோம். அல்ஹம்துலில்லாஹ், இப்போது மருத்துவரிடம் போகிறான். பெற்றோர்களே, குறிப்பேட்டைப் பார்த்ததும் கிழிக்க நினைப்பவர்கள் இதைச் சற்று யோசியுங்கள். படத்தைப் பற்றிய பக்கத்தில் படம் மட்டும் இருப்பதில்லை.

இப்போது ஞாயிறுதோறும் இஷாவுக்குப் பின் அவனும் இன்னும் நான்கு பேரும் வருகின்றனர். திரைப்படத்துக்குப் பதிலாக ஒரு கதை எடுத்திருக்கிறோம்: 12-ஆம் நூற்றாண்டில் அந்தலூஸியாவின் இப்னு துஃபைல் எழுதிய ‘ஹய் இப்னு யக்ழான்’. பூமத்திய ரேகைக்குக் கீழே, இந்தியாவின் தீவுகளுள் ஒன்றில் தனியே ஒரு மானிடம் பால்குடித்து வளரும் குழந்தை, வேதமோ ஆசானோ இன்றிச் சிந்தித்தே படைத்தவனை அறிகிறது. தாயாக வளர்த்த மான் இறந்தபோது அவன் அதன் நெஞ்சைத் திறந்து, எது போய்விட்டது என்று தேடுகிறான். புதைக்கத் தெரியவில்லை, ஒரு காகம் மற்றொரு காகத்தைப் புதைப்பதைக் கண்டு கற்கிறான். ஆதமுடைய மகன்களின் வரலாற்றை ஓதியவர்களுக்கு அந்த இடத்தில் புன்னகை வரும். 1671-இல் ஆக்ஸ்ஃபோர்டில் லத்தீனில் வெளியாகி ஐரோப்பா படித்த நூல் அது. நம் வீடுகளில் எத்தனை பேருக்குப் பெயர் தெரியும்?

போன வாரம் கதையின் கடைசிப் பகுதிக்கு வந்தோம். ஹய் மக்கள் வாழும் தீவுக்குப் போய்த் தான் கண்ட உண்மைகளைச் சொல்கிறான். அவர்கள் முகம் சுளித்து விலகுகின்றனர். அவர்களுக்கு அவர்களுடைய மார்க்க நடைமுறையே ஏற்றது என்று கூறி, தன் தீவுக்கே திரும்பிவிடுகிறான். அவன் திரும்பிப் போனது சரியா என்று மாணவன் கேட்டான். மூலையில் அமர்ந்திருந்த அவனுடைய அத்தா, மூன்று வாரமாக வாய் திறக்காதவர், “அங்கேயே இருந்திருக்க வேண்டும்” என்றார். ஏன் என்று மகன் கேட்க, இருவரும் பேசத் தொடங்கினர். பள்ளிவாசல் விளக்கை அணைக்க வேண்டிய நேரம் கடந்த பிறகும் பேச்சு முடியவில்லை. வரும் ஞாயிறு தொடரும், இன்ஷா அல்லாஹ்.