ஆகாயத்தில் ஓர் உதகமண்டலம்

பெருங்களத்தூரில் மின்சார ரயில் ஏறுகிறவர்கள் ஐந்தாவது ஸ்டேஷனான திரிசூலத்தில் இறங்கினால், எதிரே மீனம்பாக்கம் விமான நிலையம். வழியில் வரும் ஒரு ஸ்டேஷனின் பெயர் தாம்பரம் சானடோரியம். 1928-ஆம் வருஷத்தில் டாக்டர் சௌரி முத்து என்பவர் க்ஷயரோகிகளுக்காக அங்கே ஒரு சிகிச்சை நிலையம் ஏற்படுத்தினார். பிற்பாடு சர்க்கார் அதை ஏற்றுக்கொண்டனர். இன்று அது நெஞ்சு நோய்களுக்கென்றே உள்ள அரசாங்க மருத்துவமனை. சுவாசப்பைக்கு ஒரு ஸ்டேஷன், ஆகாயப் பிரயாணத்துக்கு ஒரு ஸ்டேஷன். நடுவே குரோம்பேட்டையும் பல்லாவரமுந்தான். ஆயினும் சுவாசப்பையில் புற்றுநோய் கண்டவர்களை, வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேளாமலே நேரே விமானத்துக்கு அழைத்துச் செல்லும் குடும்பங்கள் இல்லாமற் போகவில்லை. அது பற்றி இந்த வாரம் சில விஷயங்கள் சொல்ல விரும்புகிறோம்.

பிரயாணத்துக்குக் காரணம் எப்போதும் நியாயமானதே. சிங்கப்பூரில் பெண்ணுக்குப் பிரசவம்; அமெரிக்காவில் இருக்கும் பிள்ளை, "அப்பா ஒரு தடவை வந்து போகட்டும்" என்கிறான். போகலாமா, கூடாதா? பெரும்பாலோர் போகலாம் என்பதே வைத்திய சாஸ்திரத்தின் பதில். ஆனால் யார் போகலாம், எப்போது போகலாம், என்ன ஏற்பாட்டுடன் போகலாம் என்ற மூன்று கேள்விகளுக்கும் முன்கூட்டியே விடை வேண்டும்.

விமானம் முப்பத்தையாயிரம் அடி உயரத்தில் பறக்கிறது. உள்ளே இருப்பது பெருங்களத்தூர்க் காற்று என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படியல்ல. விமானத்துக்குள் காற்றின் அழுத்தம் சுமார் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருக்கும் அளவுக்குக் குறையலாம். உதகமண்டலத்தின் உயரம் ஏறக்குறைய 7,350 அடி. அந்த மலைக்கு நாம் ஓர் இரவு ரயிலிலும், பிறகு சில மணி நேரம் மலைப் பாதையிலும் போகிறோம். விமானமோ அரை மணி நேரத்தில் அதற்கும் மேலே ஏற்றி விடுகிறது! சில புதிய விமானங்களில் மட்டும் இந்த உயரத்தைச் சுமார் 6,000 அடியோடு நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

தரையில் காற்றில் நூற்றுக்கு 21 பங்கு பிராணவாயு. விமானத்துக்குள் மூச்சு விடுவது, தரையில் 15 பங்கே உள்ள காற்றைச் சுவாசிப்பதற்குச் சமானம். ஆரோக்கியமானவர்களுக்கும் இரத்தத்தில் பிராணவாயு குறையத்தான் செய்கிறது. அவர்களிடம் சேமிப்பு இருப்பதால் அந்தச் செலவு தெரிவதில்லை. கட்டியால் அடைபட்ட சுவாசப்பை, ஒரு பகுதி அறுத்தெடுக்கப்பட்ட சுவாசப்பை, கதிர்ச் சிகிச்சையால் இறுகிப்போன சுவாசப்பை, இவற்றில் சேமிப்பு ஏது?

இரண்டாவது அபாயம், அடைபட்ட காற்று. விமானத்தில் வறுவல் பொட்டலம் உப்பிக்கொண்டு வருவதைப் பிரயாணிகள் பார்த்திருப்பார்கள். உயரத்தில் காற்று ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விரிகிறது. ஊசி குத்திச் சதை எடுத்துப் பரிசோதித்த பிறகோ, சத்திர சிகிச்சைக்குப் பிறகோ, சுவாசப்பைக்கு வெளியே நெஞ்சுக்குள் காற்றுத் தங்கியிருந்தால் அதுவும் இப்படியே விரிந்து மூச்சை நெரிக்கும். அந்தக் காற்று முற்றிலும் நீங்கிவிட்டதென்று எக்ஸ்ரே காட்டி, அதன் பிறகும் ஒரு வாரமாவது கழிந்த பின்னரே விமானம் ஏறலாம். நெஞ்சில் நீர் கோத்திருந்தாலும், நோய் மூளைக்குப் பரவியிருந்தாலும் வைத்தியரின் அனுமதியின்றிப் புறப்படக் கூடாது.

மூன்றாவது, இரத்தம் உறைதல். புற்றுநோய் உள்ளவர்களுக்குக் கால் நரம்புகளில் இரத்தம் உறையும் அபாயம் மற்றவர்களைவிட அதிகம். மணிக்கணக்கில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தால் அது இன்னும் கூடுகிறது. உறைந்த கட்டி நகர்ந்து சுவாசப்பையை அடைந்தால் உயிருக்கே ஆபத்து. அடிக்கடி எழுந்து நடப்பதும், தண்ணீர் அருந்துவதும், உறையாமல் தடுக்கும் மருந்து வேண்டுமா என்று வைத்தியரைக் கேட்பதும் அவசியம்.

விரலில் மாட்டிப் பிராணவாயு பார்க்கும் சிறு கருவி 2020, 2021-ஆம் வருஷங்களின் கொரோனாக் காலத்தில் அநேக வீடுகளுக்கு வந்து சேர்ந்தது. தரையிலேயே அது 92-க்குக் கீழே காட்டினால், விமானத்தில் பிராணவாயு தேவைப்படும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். 95 காட்டுகிறதே என்று அதை மட்டும் நம்பியும் புறப்பட்டுவிடக் கூடாது. 15 பங்கு பிராணவாயுவுள்ள காற்றைச் சுமார் 20 நிமிஷம் சுவாசிக்கச் செய்து, தரையிலேயே ஆகாயத்தை உண்டாக்கிப் பார்க்கும் பரிசோதனை ஒன்று இருக்கிறது. வேண்டுமானால் வைத்தியர் அதற்கு ஏற்பாடு செய்வார்.

"ஆபத்தென்றால் மேலேயிருந்து முகமூடி விழுமே" என்று சிலர் சமாதானம் சொல்வதுண்டு. அது விமானத்துக்குள் அழுத்தம் திடீரென்று குறைந்தால் எல்லோருக்கும் சில நிமிஷங்களுக்காக வைத்திருப்பது. ஒரு நோயாளியின் பிரயாணம் முழுவதற்கும் ஆனதல்ல. சொந்தப் பிராணவாயு சிலிண்டரையும் பொதுவாக ஏற்ற விடமாட்டார்கள். விமானக் கம்பெனியிடம் முன்னதாகவே, பொதுவாக 48 மணி நேரத்துக்கு முன்பாவது, வைத்தியர் பூர்த்தி செய்த படிவத்தைக் கொடுத்து ஏற்பாடு செய்ய வேண்டும். அல்லது அவர்கள் அனுமதிக்கும் பாட்டரிக் கருவியைக் கொண்டு போக வேண்டும். விமானத்தின் பிராணவாயு அதன் வாசலோடு சரி. நடுவில் இறங்கிக் காத்திருக்கும் நிலையத்துக்கு வேறு ஏற்பாடு தேவை. மருந்துகள் கைப்பையில் இருக்கட்டும். வலிக்கு மார்பின் சாப்பிடுகிறவர்கள் வைத்தியர் கடிதத்தோடு செல்ல வேண்டும். சில தேசங்களில் முன் அனுமதியும் வேண்டும்.

இத்தனைக்கும் குறுக்கே நிற்பது ஒன்றே ஒன்று: நம் வீடுகளின் மௌனம். "அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்" என்று நோயின் பெயரையே மறைக்கிறோம். கம்பெனிக்குச் சொன்னால் ஏற்ற மறுப்பார்களோ என்று அங்கும் மறைக்கிறோம். மூச்சு வாங்க வாசலில் வந்து நிற்பவரை, சான்றிதழ் இல்லையென்று அங்கே திருப்பி அனுப்புவது அதைவிடக் கொடிதல்லவா? நடுவானில் நெஞ்சை அடைத்தால், தமக்கு என்ன நோய் என்றே அறியாதவர் விமானப் பணிப்பெண்ணிடம் என்ன சொல்வார்?

அன்பினால்தான் மறைக்கிறோம்; சந்தேகமில்லை. ஆனால் அந்த உயரத்தில் மூச்சு விடப் போகிறவர் அவர். பேரக் குழந்தையைப் பார்க்கப் போகும் தகப்பனாருக்கு டிக்கெட் வாங்குவதற்கு முன்னால் உண்மையைச் சொல்லுங்கள். அவரையே உடன் அழைத்துப் போய் வைத்தியரைக் கேளுங்கள். "இன்னும் ஒரு மாதம் பொறுங்கள்" என்று வைத்தியர் சொன்னால் பொறுத்திருங்கள். பிரயாணத்தைத் தள்ளிப் போடலாம். மூச்சைத் தள்ளிப் போட முடியாது.