சாவி ஒன்று, கார்கள் பல

உங்கள் வீட்டுச் சாவி பக்கத்து வீட்டுப் பூட்டையும் திறந்தால் என்ன செய்வீர்கள்? பூட்டு விற்ற கடைக்காரரிடம் போய்ச் சண்டை பிடிப்பீர்கள் அல்லவா? கார்களில் இது நெடுங்காலமாக நடந்து வருகிறது. தம்முடையது என்று நினைத்து, அதே நிறத்தில் நின்ற வேறொருவர் காரைத் தம் சாவியாலேயே திறந்து உட்கார்ந்துவிட்டவர்கள் பல நாடுகளில் உண்டு. தற்செயல் என்று சிரித்துவிட்டுப் போகிறோம். அப்படி விட்டுவிடக் கூடாது என்பது என் கருத்து.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஒரு சாவியில் ஆறு இடங்களில் வெட்டு. ஒவ்வொரு வெட்டும் நான்கு ஆழங்களில் ஏதாவது ஒன்று என்று கொள்ளுங்கள். நான்கை ஆறு முறை பெருக்கினால் 4,096. அவ்வளவுதான் சாவிகள். அந்த மாதிரிக் கார் ஒரு லட்சம் விற்றால், ஒரே சாவிக்குச் சராசரியாக 24 கார்கள்! ஓரிடத்தில் அத்தகைய கார்கள் 80 நின்றால், அவற்றுள் ஏதேனும் இரண்டுக்கு ஒரே சாவி இருக்கும் வாய்ப்பு பாதிக்கும் மேல். (வகுப்பில் 23 பேர் இருந்தாலே இருவருக்கு ஒரே பிறந்தநாள் வரும் வாய்ப்பு பாதியைத் தாண்டும் என்பது இதே கணக்குதான்.) போதாததற்குப் பூட்டின் உள்ளே இருக்கும் மெல்லிய தகடுகளும் சாவியின் விளிம்பும் நாளடைவில் தேய்கின்றன. தேய்ந்த பூட்டு, ஏறக்குறைய ஒத்த சாவிக்கும் வழிவிடுகிறது.

ரிமோட் வந்ததும் இந்தத் தொல்லை தீர்ந்தது என்று எண்ணுகிறீர்களா? பழைய ரிமோட்டுகள் சில, எப்போதும் ஒரே சங்கேதத்தையே வானொலி அலையில் அனுப்பின. அதைப் பிடித்துத் திரும்ப அனுப்பினால் கதவு திறந்துவிடும். ஆகவே பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும் சங்கேதம் மாறும் முறை வந்தது. ஒரு முறை வந்த சங்கேதத்தைக் கார் மறுமுறை ஏற்காது. அடுத்து வரவேண்டியது எது என்பதை ரிமோட்டும் காரும் தமக்குள் வைத்திருக்கும் ஓர் இரகசிய எண்ணைக் கொண்டு கணக்கிட்டுக் கொள்கின்றன. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த எண் காருக்குக் கார் வேறாக இருக்க வேண்டுமே!

1995 முதல் வெளிவந்த வோக்ஸ்வாகன் குழுமக் கார்களில் பெரும்பாலானவற்றின் ரிமோட்டுகள், விரல்விட்டு எண்ணக்கூடிய சில பொது இரகசிய எண்களையே நம்பியிருந்தன என்று 2016இல் ஆராய்ச்சியாளர்கள் வெளிப்படுத்தினார்கள். ஒரு காரின் மின்னணுப் பெட்டியை ஆராய்ந்து அந்த எண்ணை எடுத்துவிட்டால் போதும். பிறகு வேறொருவர் பொத்தானை ஒரே ஒரு முறை அழுத்தும்போது வரும் அலையைப் பிடித்து, அவருடைய ரிமோட்டுக்கு நகல் செய்துவிடலாம். கோடிக்கணக்கான கதவுகளுக்குச் சில சாவிகள்! நமது 4,096 எவ்வளவோ மேல்.

இவ்வளவு காலம் இது வெளியே தெரியாமல் போனது ஏன்? செய்முறையை மறைத்து வைத்ததால்தான். பூட்டின் அமைப்பு எதிரிக்கே தெரிந்தாலும் பாதகம் இருக்கக் கூடாது. சாவி ஒன்று மட்டுமே இரகசியமாக இருக்க வேண்டும் என்று கெர்க்காஃப்ஸ் என்ற அறிஞர் 1883ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். அவர் சொன்னது இராணுவச் சங்கேதங்களுக்கு. கார் செய்பவர்களுக்கும் அது பொருந்தும்.

அவர்கள் செய்தது வேறு. சாவியினுள் இருந்து எஞ்சினைக் கிளப்ப அனுமதிக்கும் ஒரு சில்லின் குறைகளை பர்மிங்காம், நைமேகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் மூவர் கண்டுபிடித்தனர். சில்லு செய்தவர்களுக்கு முன்கூட்டியே தெரிவித்தும் விட்டனர். ஆனால் 2013 ஜூனில் அக்கட்டுரைக்கு வோக்ஸ்வாகன் இங்கிலாந்து உயர்நீதிமன்றத்தில் தடை வாங்கியது. கட்டுரை 2015இல்தான், ஒரே ஒரு வாக்கியம் நீக்கப்பட்டு, வெளிவந்தது.

திருடர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கலாமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் சில்லின் செய்முறை அடங்கிய மென்பொருள் 2009 முதலே இணையத்தில் கிடைத்து வந்தது. தேடிப் பிடிக்க வேண்டியவர்கள் அதைத் தேடிப் பிடித்திருப்பார்கள். ஒன்றும் அறியாமல் இருந்தவர்கள் கார் வாங்கியவர்களே. தடை உத்தரவு ஒரு சில்லையும் மாற்றிவிடாது. குறையைத் தயாரிப்பாளரிடம் முதலில் சொல்லி, திருத்த அவகாசம் கொடுத்து, பின்பு அச்சிடும் விஞ்ஞானியைத் தடுப்பது தவறு என்றே நான் நினைக்கிறேன்.

உங்கள் வீட்டில் வண்டி வாங்கும்போது நிறத்தையும் மைலேஜையும் விசாரிப்பார்கள். நீங்களும் கூடப் போய், "இந்த ரிமோட்டின் இரகசிய எண் இந்த வண்டிக்கு மட்டும் உரியதா?" என்று கேளுங்கள். விற்பவர் விழித்தால், கம்பெனிக்கு எழுதிக் கேட்டுச் சொல்லும்படி சொல்லுங்கள்.