காது பெரிதானால் போதுமா?

தொலைதூர கேலக்ஸிகளின் ஹைட்ரஜனைத் தேட இன்னும் பெரிய ரேடியோ தொலைநோக்கி கட்டினால் போதும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. போதாது! சந்தைக்கடை நடுவே உட்கார்ந்தவனுக்குக் காது பெரிதாக இருந்து என்ன பயன்?

ஹைட்ரஜன் அணு 1420 மெகாஹெர்ட்ஸில், அதாவது 21 செ.மீ. அலைநீளத்தில், மெலிதாக முனகும். 1400 முதல் 1427 வரை யாரும் ஒலிபரப்பக் கூடாது என்பது சர்வதேச விதி. நல்ல விதிதான். ஆனால் அது காப்பது அக்கம்பக்கத்து ஹைட்ரஜனை மட்டுமே. பிரபஞ்சம் விரிவதால் தூரத்து அலை நீண்டு, அதிர்வெண் குறைந்து வந்து சேர்கிறது. சுமார் 500 கோடி ஆண்டுகளுக்கு முன் கிளம்பியது 947-ல் வரும். அங்கே ஜிஎஸ்எம் கோபுரங்கள். சுமார் 800 கோடி ஆண்டுகளுக்கு முன் கிளம்பியது 710-ல் வரும். அங்கே 4ஜி, 5ஜி கைபேசிகள்.

அந்த முனகல் எவ்வளவு மெலிது தெரியுமா? புனே அருகேயுள்ள ஜிஎம்ஆர்டி-யில் 45 மீட்டர் ஆன்டெனாக்கள் 30 இருக்கின்றன. அதை வைத்தும் 7,653 கேலக்ஸிகளின் சிக்னலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பிறகுதான் 800 கோடி ஆண்டுப் பழைய ஹைட்ரஜன் பிடிபட்டது (2020). கிடைத்த விடை சாதாரணமல்ல. வெளியிலிருந்து புது வாயு வராவிட்டால், அந்தக் கேலக்ஸிகளின் கையிருப்பு 100-200 கோடி ஆண்டுகளில் காலி. நட்சத்திரப் பிறப்பு பிறகு ஏன் குறைந்தது என்பதற்கான துப்பு இது.

அடுத்து எஸ்கேஏ. தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கட்டுமானம் நடக்கிறது, இந்தியாவும் கூட்டாளி. தென்னாப்பிரிக்கா 2007-லேயே வானியலுக்கென்று சட்டம் போட்டு அந்த வட்டாரத்தை அமைதியாக வைத்திருக்கிறது. சரி, தரையைப் பூட்டியாச்சு... கூரையை? ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களின் மின்னணுக் கருவிகளிலிருந்து ரேடியோ அலை கசிவதை லோஃபார் தொலைநோக்கி 2023-ல் பதிவு செய்தது. இப்போது கைபேசியோடு நேரடியாகப் பேசும் செயற்கைக்கோள்களும் வந்துவிட்டன.

"அதற்காக செல்போனை அணைத்துவிட வேண்டுமா?" என்று சிலர் கிண்டலடிப்பார்கள். யாரும் அதைக் கேட்கவில்லை. கசிவுக்கு உச்சவரம்பு வேண்டும். தொலைநோக்கிக்கு நேர்மேலே கடக்கும்போது செயற்கைக்கோள் தன் கற்றையைத் திருப்ப வேண்டும். இது நடக்காத காரியமல்ல. ஸ்பேஸ்எக்ஸும் அமெரிக்க தேசிய ரேடியோ வானியல் ஆய்வகமும் சேர்ந்து சோதித்துப் பார்த்த முறைதான். அந்த நல்ல மனசு எல்லா நிறுவனத்துக்கும் எப்போதும் இருக்கும் என்று நம்பிக் காத்திருக்க முடியாது. அதை விதியாக்க வேண்டும்.

ஆன்டெனாவுக்குக் கோடிகளை ஒதுக்கும் அரசுகள், அது கேட்க வேண்டிய அமைதியையும் சேர்த்தே ஒதுக்கட்டும். இல்லையென்றால் அத்தனை கோடியும் செல்போன் பேச்சை ஒட்டுக்கேட்கத்தான்!